இரண்டு நி. சுதாகரன்

“சேர், உங்க கம்ப்யூட்டர்ல என்னைய உக்கார விடுங்க.”

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, மழையால் ரப்பர் மரப் பால்வெட்டு இல்லாமல் வீட்டிலிருந்த அம்மா காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார். நிரோஷா கேட்டேவிட்டாள்.

பள்ளி நூலகத்துக்குப் பொறுப்பான தாஸிம் சேர் கண்ணாடியைக் கழற்றினார். “ஏன் மகள்? என்ட வேலையப் பறிக்கப் போறீங்களா?”

“எனக்குப் புத்தகம் வேணும் சேர். இந்தத் தவணை மூணு மாசமும் ஒண்ணுகூட கிடைக்கல.”

காரணம், நூலகத்தில் புதிதாகப் போட்ட இலவச மென்பொருள். அது எல்லோரிடமும் குடும்பப் பெயர் கேட்டது. தோட்டத்தில் யாருக்கு அது இருக்கிறது? சேர் அந்த இடத்தில் அப்பாக்களின் பெயரை எழுதினார். மென்பொருள் பிள்ளைகளின் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டது. நிரோஷாவின் அண்ணன் நிரோஷன் ‘நி. சுதாகரன்’ ஆனான். நிரோஷாவும் ‘நி. சுதாகரன்’. இரண்டு பேரும் ஒரே ஆள்!

ஓர் ஆளுக்கு ஒரு புத்தகம்தான். புத்தகம் கொடுக்கும் புதன்கிழமை மணி அடித்ததும் அண்ணன் முதல் ஆளாக ஓடி எடுத்துவிடுவான்.

“யாரோ நல்ல மனுசங்க சும்மா செஞ்சு தந்தது மகள். குறை சொல்ல ஏலுமா?”

“சொல்லாட்டி அவங்களுக்கு எப்புடித் தெரியும்? நல்லவங்கன்னா கேப்பாங்கதானே?”

சேர் சிரித்துக்கொண்டே நாற்காலியைக் கொடுத்தார்.

மென்பொருளின் இணையப் பக்கத்தில் ‘தெரிந்த பிழைகள்’ என்று ஒரு பட்டியல் இருந்தது. சேர் ஆங்கிலத்தை வாசித்துப் பொருள் சொன்னார். நாற்பத்தோராவது பிழை இதேதான்! எங்கோ ஒரு நாட்டில், இரட்டைப் பிள்ளைகளின் அம்மா எழுதியிருந்தார். கீழே ஒரு பதில்: ‘ஓய்வு நேரத்தில்தான் திருத்துகிறோம். அதுவரைக்கும் யாருக்காவது வழி தெரிந்தால் எழுதுங்கள்.’

“பாவம், அந்தப் புள்ளைகளுக்கும் புத்தகம் கிடைச்சிருக்காது” என்றாள் நிரோஷா.

பிறகு திரையையே பார்த்தாள்.

“சேர், மாத்திப் போட்டா என்ன? அப்பா பேரு முதல்ல. எம் பேரு குடும்பப் பேரு இடத்துல.”

சேர் குனிந்து தட்டினார்.

‘சு. நிரோஷா.’

“அட! வகுப்பு வரவு இடாப்புல கூப்பிடுற மாதிரியே வந்திருக்கே!”

“இதை அவங்களுக்கும் எழுதுங்க சேர். அந்த ரெட்டைப் புள்ளைகளோட அம்மா பாக்கட்டும்.”

சேர் எழுதி அனுப்பினார். “சரி, உங்கட வேலை முடிஞ்சுது. புத்தகத்த எடுங்க.”

“மத்தவங்களுக்கு?”

“நூத்திப் பன்னெண்டு பேர் மகள்! லீவு முடிஞ்சு பாப்பம்.”

நிரோஷா ஒரு திமிங்கிலப் புத்தகத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

“எங்க போறீங்க?”

“அண்ணனக் கூட்டியார. அவன் பேரு வாசிக்கட்டும், நான் டைப் பண்றேன். ஒரு தவணை பூரா எம் பங்கையும் சேத்து வாசிச்சவன்தானே, நல்லா வாசிப்பான்!”

வேண்டாம் என்று சேர் சொல்வதற்குள் அவள் படியிறங்கியிருந்தாள்.