வெறும் தொட்டில்

கொச்சி மட்டாஞ்சேரியில் பழைய சுக்குக் கிடங்கு ஒன்றைத் தர்ம ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். குழந்தை மருத்துவர் ஜுமைலா அங்கே சேர்ந்த அன்று பகலிலேயே வானம் இருண்டு மழை கொட்டியது. கரண்டும் போய்விட்டது. வார்டு முழுக்க ஈரச் சுவரும் சுக்கும் கலந்த வாடை.

இருந்தது ஒரே நோயாளி, நான்கு மாத ஆண்குழந்தை. அப்பா இசக்கிராஜா, தென்காசிப் பக்கத்துக்காரன், பக்கத்து ஹோட்டலில் பரோட்டா போடுபவன். அம்மா பாண்டிச்செல்வி வார்டு உத்தரத்துக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டியிருந்தாள்.

பிள்ளை வீட்டுத் தொட்டிலிலிருந்து விழுந்து வாந்தி எடுத்தான் என்றான் இசக்கிராஜா. மூத்த மகள் வெறும் தொட்டிலை ஆட்டிவிட்டாளாம், அந்த தோஷம்தானாம். கயிறு மந்திரித்துக் கட்டியாயிற்று, வீட்டுக்கு அனுப்புங்கள் என்றான். மகனை அவ்வளவு பதமாக ஏந்தியிருந்தான். தலையில் வீக்கமும் இல்லை. ஜுமைலாவுக்கு அவனை நம்பத் தோன்றியது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று குழந்தையை வாங்கிக் கட்டிலில் கிடத்தினாள்.

தொட்டில் அசைந்தது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன.

அது தாலாட்டும் ஆட்டம் அல்ல. முன்னும் பின்னும் வெட்டி வெட்டி, இரண்டு கைகள் எதையோ பிடித்து உலுக்குவதுபோல. துணிக்குள் ஒரு சின்னத் தலை துவண்டு துவண்டு புடைத்தது.

அழுகை மட்டும் இல்லை.

நர்ஸ் மாயம்மாள் ஜுமைலாவின் கையைப் பற்றிக்கொண்டு கிசுகிசுத்தாள். "போன மழைக்கு ஒரு பிள்ளைய, விழுந்துச்சுன்னு சொன்னத நம்பி அனுப்பிட்டோம் டாக்டர். திரும்பக் கொண்டு வரும்போது உயிரில்ல. அதுக்கப்புறம் இப்படிப் பிள்ளை வந்தா, அது ஆட்டிக் காட்டும்."

"பிஸ்மில்லாஹ்" என்று முணுமுணுத்தபடி ஜுமைலா குழந்தையின் இமையை விலக்கிக் கருவி வழியாகப் பார்த்தாள். விழித்திரை முழுக்க ரத்தத் திட்டுகள். தாழ்ந்த தொட்டிலிலிருந்து விழுந்ததற்கு இத்தனை வராது. ரத்தம் உறையாத நோயாகவும் இருக்கலாம், ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். ஆனாலும் கேட்டாக வேண்டும்.

அவள் அதட்டவில்லை. தன் பிளாஸ்கிலிருந்து சாயா ஊற்றி இசக்கிராஜாவின் கையில் கொடுத்தாள்.

"நடந்தது தெரிஞ்சாத்தான் பிள்ளையக் காப்பாத்த முடியும், தம்பி."

அவன் கண் தொட்டிலை விட்டு அகலவில்லை. அது அவன் பக்கமாகத் திரும்பிக் குலுங்கியது.

"ராத்திரி பூரா அழுதான் டாக்டரம்மா. தூக்கி... உலுக்கிட்டேன். அப்புறம் அழவே இல்ல."

தொட்டில் நின்றது.

பாண்டிச்செல்வி மட்டும் பிள்ளையோடு ஆம்புலன்ஸில் எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். சட்டப்படி சொல்ல வேண்டியவர்களுக்கு ஜுமைலா சொன்னாள். போலீஸ் வரும்வரை இசக்கிராஜா தன் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் போன் வந்தது. மூளையைச் சுற்றிக் கட்டியிருந்த ரத்தத்தை எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்வான்.

ஜுமைலா தொட்டிலருகே போனாள்.

"அவன் பொழச்சிட்டான், கண்ணு" என்று துணிக்குள் கையை விட்டாள்.

ஒன்றுமில்லை.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. சில்லிட்ட ஐந்து சிறு விரல்கள் அவள் சுண்டுவிரலைப் பற்றியிருந்தன.

பிடி இறுகியது.