ஈரம் காயாத அடிமரம்

சவரம் செய்துகொண்டிருந்தபோதுதான் ஓவியர் அந்தக் கோட்டைக் கவனித்தார். இடது கண்ணுக்குக் கீழே, முடியிழை கனத்தில், நேராகக் கன்னத்தில் இறங்கியிருந்தது ஒரு விரிசல். பிளேடு பட்டிருக்கும் என்று நினைத்துத் துண்டால் ஒற்றினார். ரத்தம் இல்லை. எரிச்சலும் இல்லை. விரலால் தடவியபோது, வெயிலில் காய்ந்த சேறு போல, விரிசலின் இரண்டு ஓரமும் மெல்ல மேல் நோக்கிச் சுருண்டிருந்தன. விரலை முகர்ந்தார். சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து ஆளிவிதை எண்ணெயின் வாசனை வந்தது.

முப்பது வருடம் எண்ணெய் வண்ணத்தில் புழங்கியவன் கையில் அந்த வாசனை இருப்பதில் என்ன அதிசயம் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். சமாதானம் ஒட்டவில்லை. அந்த எண்ணெய்ப் பாட்டிலை அவர் தொட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அந்த நாள் அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. கட்டிய மனைவிக்குக் குழி பறித்த நாளை யார்தான் மறப்பார்கள்?

அந்த வீட்டில் ஓவியர் என்றால் அவர் ஒருவர்தான் என்றிருந்த காலம் நீண்டது. முகம் வரைவதில் கெட்டிக்காரர். நீதிபதிகள், டாக்டர்கள், கல்லூரி முதல்வர்கள் எல்லோரும் ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்து, முகத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். மனைவி கேன்வாஸை இழுத்துச் சட்டத்தில் அடிப்பாள், பிரஷ் கழுவுவாள், வந்தவர்களுக்கு டீ கொடுப்பாள். மூன்று வருடத்துக்கு முன், தேறாது என்று அவர் பரண்மேல் தூக்கிப் போட்ட முகங்களை இறக்கி, அவற்றின் மேலேயே மரம் வரைய ஆரம்பித்தாள். மரத்தைத் தவிர வேறெதையும் அவள் வரைந்ததில்லை.

"வெள்ளைத் துணியைப் பாத்தா எனக்குக் கை நடுங்குதுங்க. அடியில யாராச்சும் இருந்தா ஒரு தைரியம்" என்பாள். மூக்கின் கோட்டில் அடிமரம் எழும்பும். கன்ன எலும்பில் ஒரு கிளை பிரியும். கண் இருந்த இடங்கள் கணுக்களாகும்.

இப்போது ஜனங்கள் வருவது அந்த மரங்களைப் பார்க்கத்தான். எதிரே நின்றால் நகரமாட்டார்கள். அந்த மரங்களுக்குள் என்னவோ மூச்சு விடுகிறது என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அடியில் மூச்சு விடுவது நான் போட்ட கோடு என்று ஓவியர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நல்ல நகைச்சுவை என்று எல்லோரும் சிரித்தார்கள்.

காட்சிக்கூடம் நடத்துகிறவர் பத்தொன்பது நாளுக்கு முன் வீட்டுக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவைத்திருக்கும் மனிதர். முன்பெல்லாம் ஓவியரை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார். மனைவியின் மரங்கள் பேர் வாங்கியபிறகு அவளைத் தங்கச்சி ஆக்கிக்கொண்டார். அதனால் மாஸ்டர் மாப்பிள்ளை ஆகிவிட்டார்.

"தங்கச்சி, இந்த வருஷக் கண்காட்சியில முகப்புச் சுவர் உனக்குத்தான். ஆளுயரத்துக்கு ஒத்தை மரம். என்ன சொல்ற?"

"ஐயோ அண்ணே, அந்தச் சுவர் எப்பவும் இவரோடதாச்சே!"

"மாப்பிள்ளை என்ன வேத்து ஆளா? விட்டுக்கொடுக்க மாட்டாரா?" என்று முதுகில் ஓங்கித் தட்டினார் கண்ணாடிக்காரர்.

"தாராளமா" என்றார் ஓவியர். சிரித்தார். வயிறு எரிந்தது.

அன்று மதியமே கதவைத் தாழிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். அடிப்பூச்சில் எண்ணெய் மிகுந்து, அது காய்வதற்குள் மேலே மெல்லிய பூச்சு ஏறினால், மேல்பூச்சு முந்திக்கொண்டு காயும். பிறகு அடியில் உள்ளது சுருங்கும்போது மேலே உள்ளது பாளம் பாளமாக வெடித்து உதிரும். வண்ணம் குழைக்கக் கற்ற முதல் வாரத்திலேயே யாரும் தெரிந்துகொள்ளும் விஷயம். மனைவிக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆளுயரக் கேன்வாஸில் எண்ணெயைக் கொழகொழவென்று குழைத்து அப்பினார். ஆனால் முகம் இல்லாத துணியை அவள் தொடமாட்டாளே! உட்கார ஆள் இல்லை. சவரக் கண்ணாடியைச் சாய்த்து வைத்துத் தன் முகத்தையே அவசரமாக வரைந்தார்.

முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பத்து வருடத்தில் அவர் வரைந்ததிலேயே உயிருள்ள முகம் அதுதான். அந்தக் கண்களில் அவரிடம் இல்லாத ஒரு கனிவு இருந்தது. இதை மறைத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முதுகில் விழுந்த அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. மேலே சீக்கிரம் காயும் மெழுக்கு ஒன்றைத் தடவி, ஈரம் தெரியாமல் செய்து, மனைவியின் பக்கம் தள்ளினார்.

"இந்தா, இதுவும் தேறல. வேணும்னா எடுத்துக்கோ."

அவள் வெகுநேரம் பார்த்தாள். "நீங்கதானே இது? அழகா இருக்கே! இதுமேல எப்படிங்க மரத்தை ஏத்துறது?"

"தேறலன்னு சொல்றேன்ல."

"சரி, கோவிக்காதீங்க. கண்ணு ரெண்டை மட்டும் கடைசியா மூடுறேன். அதுவரைக்கும் துணைக்குப் பாத்துட்டு இருக்கட்டும்."

மரம் வளர்ந்தது. கழுத்து இருந்த இடத்தில் அவள் வேர்களை இறக்கிய அன்று ஓவியருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையணை சரியில்லை என்றார். உதடுகளின் மேல் பட்டை ஏறிய அன்று மாலை அவருக்குக் குரல் போனது. தொண்டைப் புண் என்று டாக்டர் மாத்திரை கொடுத்தார். வேலையறைப் பக்கம் போனாலே ஈர மண்ணின் வாசனை வந்தது. ஆள் இல்லாத மதியங்களில் அங்கிருந்து ஒரு சத்தம் கேட்டது. டிக். கொஞ்ச நேரம் கழித்து, டிக். காய்ந்த நெற்று வெடிப்பதைப் போல.

இந்தக் காலையில் கன்னத்தில் விரிசல்.

முகத்தைக்கூடக் கழுவாமல் வேலையறைக்கு ஓடினார். மரம் ஏறக்குறைய முடிந்திருந்தது. அவர் நினைத்தபடியே அது வெடித்திருந்தது. இடது கணுவுக்குக் கீழே, முடியிழை கனத்தில், நேராக ஒரு விரிசல்.

பதினோரு மணிக்குக் கண்ணாடிக்காரர் வந்தார். அதற்குள் பட்டையெங்கும் விரிசல் படர்ந்திருந்தது. ஓவியரின் கைகளிலும் படர்ந்திருந்தது. முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டு, மஃப்ளரைக் கன்னம்வரை சுற்றிக்கொண்டு, மூலையில் காத்திருந்தார். எப்போது கண்ணாடிக்காரர் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தார்.

கண்ணாடிக்காரர் நெற்றியிலிருந்து கண்ணாடியைக் கீழே இறக்கினார். அவர் அதை இறக்கி ஓவியர் பார்த்ததே இல்லை.

"தங்கச்சி... எப்படிம்மா? இது வரைஞ்ச பட்டை மாதிரியே இல்லையே. வெடிச்ச பட்டை!"

"தானா வந்துச்சு அண்ணே. நான் பயந்துட்டேன். கெட்டுப் போச்சோன்னு..."

"கெடறதாவது! ஒரு விரிசலைக்கூடத் தொடாத. என்ன மாப்பிள்ளை, வாயடைச்சுப் போச்சா?"

உண்மையிலேயே அடைத்துத்தான் போயிருந்தது. ஓவியர் வாயைத் திறக்கப் பார்த்தார். உதட்டோரம் டிக் என்றது.

"இவருக்குத் தொண்டை சரியில்லைங்க அண்ணே" என்றாள் மனைவி. அவள் முகம் முழுக்க வெளிச்சம். அந்த வெளிச்சத்தை ஓவியரால் பார்க்க முடியவில்லை. சட்டம் போடும் கடைக்கு அளவு கொடுக்க இருவரும் கிளம்பினார்கள். வாசல்வரை அவர்களுடைய சிரிப்புச் சத்தம் கேட்டது.

வீடு அமைதியானது. வானம் மூடிக்கொண்டு மழைக்கு இருட்டியது.

ஓவியர் வண்ணம் வழிக்கும் கத்தியை எடுத்தார். முகத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான். அது அவருடைய முகம். அவருடைய கோடு. அதன்மேல் நின்றுகொண்டு இன்னொருத்தி பேர் வாங்கக் கூடாது. முகப்புச் சுவர் வெறுமையாகவே கிடக்கட்டும்.

கத்தி முனையை விரிசலுக்குள் விட்டு நெம்பினார். ஒரு பாளம் பெயர்ந்தது. அடியில் ஈரம். வெதுவெதுப்பு. தன் கன்னத்தில் குளிர்ந்த இரும்பு நுழைவதை உணர்ந்தார். எதுவோ மஃப்ளரை நனைத்தது. எண்ணெய் வாசனை.

டிக்.

நிமிர்ந்தார்.

மரத்தின் இரண்டு கணுக்களிலும் இன்னும் மூடப்படாத கண்கள். கனிவாக இருந்தன. அவரையே பார்த்தன.

இமைத்தன.

கத்தி விழுந்தது. விழுந்த சத்தம் கீழேயிருந்து கேட்கவில்லை. எதிரேயிருந்து கேட்டது. ஜன்னலும் நாற்காலியும் இடம் மாறியிருந்தன. எதிரே ஓர் ஆள் நின்றிருந்தான். மஃப்ளர் சுற்றியவன். அவன் கன்னத்து விரிசல் மெல்ல மூடிக்கொண்டது. கையை முன்னும் பின்னும் திருப்பி, புதுச் சட்டையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு மஃப்ளரை அவிழ்த்து, மடித்து, நாற்காலியில் வைத்தான்.

ஓவியர் ஓடப் பார்த்தார். கால் இருந்த இடத்தில் வேர். கத்தப் பார்த்தார். பட்டை.

வாசல் கதவு திறந்தது. மனைவி விளக்கைப் போட்டாள்.

"இருட்டுல என்னங்க பண்றீங்க?"

"உன் மரத்தைப் பாத்துட்டு இருந்தேன்" என்றான் அந்த ஆள். குரல் அச்சு அசலாக அவருடையது. கரகரப்புகூட இல்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு. என்னால இப்படி வரைய முடியாது."

அவளுக்குக் கண் கலங்கியது. "இருபத்திரண்டு வருஷத்துல இன்னைக்குத்தான் இப்படிச் சொல்லியிருக்கீங்க."

அது நானில்லை என்று ஓவியர் பார்த்தார். பார்க்க மட்டும்தான் முடிந்தது.

"இங்க கொஞ்சம் பேந்திருக்கே" என்று அவள் கிட்டே வந்து கன்னத்தைத் தடவினாள். விரல் சுட்டது. "பரவாயில்ல, சரி பண்ணிடுறேன். கண்ணு ரெண்டுதான் பாக்கி. மூட மனசே வர மாட்டேங்குதுங்க. காலையில எவ்வளவு அன்பா பாத்துச்சு. இப்ப பாருங்க, எரிச்சலா பாக்குற மாதிரி இருக்கு."

"மூடிடு" என்றான் அவன். "அது எதுக்கு இனிமே நம்மளைப் பாக்கணும்?"

பழுப்பு வண்ணத்தைக் குழைக்கும் சத்தம். பிரஷ் நெருங்கியது. ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

இடது கண் போனது.

வலது கண்ணில் இன்னும் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அவள் தோள்மேல் அந்த ஆளின் கை வந்து உட்கார்ந்தது. அவள் தலை அந்தக் கைப்பக்கம் சாய்ந்தது. தன்பக்கம் அவள் ஒருநாளும் அப்படிச் சாய்ந்ததில்லை. ஓவியருக்கு வயிறு என்று எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் எரிந்தது.

"கை இடிக்குது, சும்மா இருங்க" என்று சிரித்தபடி, அவள் பிரஷ்ஷை நிறையத் தோய்த்து எடுத்தாள்.