ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்

ஸ்க்ரூடிரைவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மெக்கானிக்குக்கு முதலில் உறுத்தியது அதுதான். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்தால், எந்தச் சாமான் கத்துகிறது என்று தெரிந்துவிடும். இத்தனை வருடத்தில் அது அவரைக் கைவிட்டதே இல்லை. ஆனால் இப்போது, சாவியைத் திருப்பியதும் கருங்கல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, தகரக் கூரை அதிர்ந்து, ஆணியில் மாட்டியிருந்த ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதி ஓயும்வரைக்கும், கைப்பிடிக்குள் மட்டும் சீராக ஓடும் இன்ஜின்தான் கேட்டது. அவர் காதைத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

காலையில் ஒருவர் கொண்டுவந்து விட்டுப்போன பழைய கார். "ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தாங்க கத்துது, அப்புறம் தானா அடங்கிடும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். இப்போது பொழுது சாய்ந்து, மழையும் பிடித்துக்கொண்டு, வீட்டை ஒட்டிய அந்த ஷெட்டில் பெட்ரோலும் நனைந்த இரும்பும் கலந்த வாடை மூக்கை அடைத்தது.

அவர் வேலைக்கு ஆள் வைத்துக்கொண்டதில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டு அவர் கேட்பார். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புவது மனைவி. தூக்கி நிறுத்திய பானெட் நடுவில் மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை நடக்கும்.

"அடுப்புல பால் வச்சுட்டு வந்திருக்கேன். சாவி திருப்பத்தான் என்னைக் கட்டிக்கிட்டீங்களா?"

"ஆமா. வேற எதுக்கு?"

"நல்ல மனுஷன்! நான் ஒரு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தா தெரியும் உங்களுக்கு."

அது அவருக்கும் தெரியும். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து இவள் வாய்தான் அவருக்குத் துணை. இவள் ஊருக்குப் போகிற நாட்களில் ரேடியோவை அலறவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். இதையெல்லாம் அவளிடம் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாள் என்று சொன்னதில்லை.

பெல்ட் கொஞ்சம் தொய்ந்திருந்தது. இழுத்து முறுக்கினார்.

"போடு!"

சத்தம் வந்தது. ஆனால் பாதிதான். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"குறைஞ்சிருக்குல்ல?"

"குறைஞ்சிருக்கு." குரல் கரகரத்தது.

"என்ன, தொண்டை கட்டிக்கிச்சா?"

"புகைங்க."

வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டார். அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. சரி, இன்னொரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று, எதையும் தொடாமல், "போடு" என்றார்.

இப்போது மிக்ஸி ஓடுகிற அளவுக்குத்தான் சத்தம்.

ஸ்பேனர் கையிலேயே நின்றுவிட்டது. தானாகச் சரியாகிற ரிப்பேரை எந்த மெக்கானிக்கும் நம்பமாட்டான்.

"நான் ஒண்ணுமே பண்ணலையே," என்றார் சத்தமாக.

நீங்க என்னைக்குத்தான் பண்ணியிருக்கீங்க என்று உடனே பதில் வரவேண்டும். அதற்காகவே சொன்ன மாதிரி காத்திருந்தார். இன்ஜின் அணைந்தது. கூரைமேல் மழை. வீட்டுப் பக்கமிருந்து பால் பொங்கி வழிந்து கருகுகிற வாசனை. பால் பொங்கினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறவள், கார்க் கதவைக்கூடத் திறக்கவில்லை.

"ஏம்மா?"

"ம்."

அது கோபத்தில் வந்த 'ம்' இல்லை. கோபத்தில் அவள் எப்படி 'ம்' கொட்டுவாள் என்று அவருக்கு மனப்பாடம். இது துரு ஏறிய கீலைத் திருப்புகிற மாதிரி இருந்தது.

அவர் குனிந்து, பானெட்டுக்குக் கீழே இருந்த இடுக்கு வழியாகப் பார்த்தார். அவள் கைகள் மட்டும் தெரிந்தன. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தன. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது.

"போதும். இறங்கும்மா."

கைகள் நகரவில்லை.

"இறங்குன்னு சொல்றேன்ல!"

வலது கை மட்டும் ஸ்டீயரிங்கை விட்டது. மெதுவாக. யாரோ பிடித்து இழுத்துப்போவதுபோல விறைத்துக்கொண்டு, சாவிப் பக்கம் போனது.

"வேண்டாம்!"

சாவி திரும்பியது.

சத்தமே இல்லை. இன்ஜின் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. புது வண்டியில்கூட அப்படி ஒரு ஸ்டார்ட்டை அவர் கேட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது. ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது.

பானெட்டைத் தாங்கிய கம்பியைத் தட்டிவிட்டார். பானெட் விழுந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்தான் இருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். அவரைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவருக்கும் உயிர் வந்தது. அவளுடைய உதடுகள், 'என்னங்க' என்று சொல்லத் திறந்தன.

கருங்கல் அரைபட்டது.

தகரக் கூரை அதிர்ந்தது. ஸ்பேனர்கள் ஆணியிலிருந்து உதிர்ந்தன. அவள் பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சத்தம் நிற்கவில்லை. கண்கள் அவரையே பார்த்துக் கெஞ்ச, கழுத்து நரம்புகள் துடிக்க, அவள் இன்னும் இறுக்கிப் பொத்தினாள். விரல் இடுக்குகளில் கரும்புகை கசிந்தது.