பதினோராவது வாரத்து ஸ்கேன்

இந்த முறை அக்கா மானிட்டரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

மதிய இடைவேளை. கண் மருத்துவமனையின் அந்தச் சிறிய அறையில் ஸ்பிரிட் வாடையும், ஸ்கேன் இயந்திரத்துக்குள் சிறு விசிறி விடாமல் முனகும் ஓசையும், இழுத்து மூடிய ஜன்னல் சீலையின் ஓரத்தில் கசிந்த பழுப்பு வெளிச்சமும் தவிர வேறு எதுவும் இல்லை. தங்கை சாய்வு நாற்காலியில் படுத்தாள். ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் கடையில் எழுத்து வெட்டுகிறவள். பதினோரு வாரமாக இடது கண்ணுக்குள் வீக்கம். அக்காவே கண் டாக்டராக இருக்கும்போது வேறு யாரிடம் போவாள்?

மூடிய இடது இமைமேல் ஜெல் சில்லென்று விழுந்தது. பேனா போன்ற கருவி அதன்மேல் ஊர்ந்தது.

"கீழ பாரு. உன் கால் கட்டைவிரலைப் பாரு."

"நகம் வெட்டக்கூட நேரமில்ல டாக்டரம்மா."

அக்கா சிரிக்கவில்லை. "வீக்கம் வத்திட்டு வருது," என்றாள், வழக்கம்போல.

திறந்திருந்த வலது கண் அந்தச் சுவரோரம் இருந்த மருந்து அலமாரியின் கண்ணாடிக் கதவில் போய் நின்றது. அதில் மானிட்டர் தெரிந்தது. இடவலம் மாறிய எழுத்துகள் மற்றவர்களுக்குக் கிறுக்கல். அவளுக்கு அதுதான் பிழைப்பு. அக்கா அதை மறந்திருந்தாள். வரிசையாகப் பதினோரு படங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணின் பின்சுவர் முந்தையதைவிடத் தடித்துக்கொண்டே போனது. அடியில் ஒரு வரி.

இடது கண். வாரம் 11. மருந்து தரப்படவில்லை.

அக்கா கொடுத்த பாட்டில் சொட்டு மருந்தை இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் அலாரம் வைத்து, வேலையை நிறுத்தி, ஒரு சொட்டும் சிந்தாமல் அவள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த பாட்டில்ல என்ன இருக்கு?"

கருவி நிற்கவில்லை.

"உப்புத் தண்ணி. மருந்து போட்டா இந்த வீக்கம் எப்படி வளருதுன்னு பாக்க முடியாது. முழுசா யாரும் பாத்ததில்ல."

"என் பார்வை?"

"இனி வராதுடி."

அதே கனிவு. சாப்பிட்டாயா என்று கேட்கும் குரல்.

எழப் பார்த்தாள். நெற்றியில் உள்ளங்கை. அழுத்தம்.

"காலையிலேர்ந்து வலது கண்ணு உறுத்துதில்ல?"

உறுத்தியது. அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கட்டைவிரல் வலது இமையை இறக்கியது. ஜெல். சில்லிப்பு. இடது கண்ணைத் திறந்தாள். வெண்மூட்டம். அதற்குள் மங்கலாய் மானிட்டரின் ஒளி. அதை நோக்கி, முகமில்லாத ஓர் உருவம், ஆசையாகக் கழுத்தை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தது.