மூன்றாவது ‘ஊய்’

நான் அதைப் பார்த்தேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு கதைக்கு நடுவில் தொந்தரவு செய்யக் கூடாது.

அன்று வியாழக்கிழமை காலை. எங்கள் இலவங்கப்பட்டைத் தோட்டம் மலைச்சரிவில் மேலே ஏறி ஏறிப் போய்க் காட்டைத் தொடும் இடத்தில், நான் தனியாக ஒரு மரத்தில் பட்டை உரித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்கியது. குரங்காக இருக்கும் என்று திரும்பினேன்.

குரங்கு இல்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நின்றது. என் இடுப்பு உயரம். உடம்பெல்லாம் பழுப்பு முடி. முகம் மட்டும் வழுவழுவென்று ஒரு வயதான ஆளின் முகம் மாதிரி இருந்தது. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தேன். வழியில் என் தொப்பி விழுந்தது. அதை எடுக்க நிற்கும் அளவுக்கு நான் வீரன் இல்லை.

எங்கள் தலாங் பாயூர் கிராமத்தில் அதை ஊஹாங் பாண்டக் என்பார்கள். குட்டை மனிதன் என்று அர்த்தம். பார்த்ததாகச் சொல்பவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களை நம்பாதவர்கள் நாற்பது பேர் இருப்பார்கள். அன்றுவரை நான் அந்த நாற்பதில் ஒருவனாக இருந்தேன்.

சாயங்காலம் ரோஸ்மா அக்கா கடையில் காப்பி இலைத் தேநீர் குடித்துக்கொண்டே எல்லாருக்கும் அதை ஐந்தாவது முறையாகச் சொன்னேன்.

ரோஸ்மா அக்காவின் கணவர் டார்விஸ் அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஸப்ரி, காலையில வெறும் வயித்தோட போனியா? பசி மயக்கத்துல இப்படித்தான் எதாவது தெரியும்.”

என் அக்கா மகள் நெல்மா பக்கத்தில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. கேள்வி கேட்காமல் அவளால் ஒரு கிழங்கைக்கூட விழுங்க முடியாது.

“மாமா, மத்தியானம் இடுப்பு உயரம்னு சொன்னீங்க. இப்ப நெஞ்சு உயரம்ங்கறீங்க. அதுக்குள்ள வளர்ந்துடுச்சா?”

கடையே சிரித்தது. எனக்குக் கோபமாக வந்தது. “உன் மாமாவை நீயே நம்பலன்னா வேற யாரு நம்புவா?”

“நம்பலன்னு நான் சொல்லவே இல்லையே. உயரத்தைத்தானே கேட்டேன்?”

அவளுடைய தம்பி பூயூங் மட்டும் என் மடியில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் அப்படியே நம்பினான். அவனுக்கு ஆறு வயது. நல்ல பிள்ளை.

“மாமா, அது வந்து என்னைக் கூப்பிட்டா நான் என்ன பண்றது?”

“பதில் சொல்லக் கூடாது,” என்றேன். “காட்டுல யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பேரைக் கேட்டா அது கத்துக்கும். ‘ஊய்’னுதான் கூப்பிடுவாங்க. குட்டை மனுஷனும் நம்ம மாதிரியே ‘ஊய்’னு கூப்பிடும். ஆனா அதுக்கு ரெண்டுக்கு மேல எண்ணத் தெரியாது. மூணு தடவை கூப்பிட்டா மனுஷங்க. அப்பதான் வாயைத் திறக்கணும். என்ன?”

“மூணு தடவை,” என்றான் பூயூங். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினான்.

“வழி தெரியலன்னா?” என்று கேட்டேன்.

“நின்ன இடத்துலயே நிக்கணும்.”

இது நான் கண்டுபிடித்த விஷயம் இல்லை. எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பதுதான். எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.

சனிக்கிழமை தோட்டத்துக்கு எல்லாரும் போனோம். வெட்டிய மரங்களின் பட்டையை மழை பலமாக வருவதற்குள் உரித்துக் கீழே இறக்க வேண்டும். டார்விஸ் அண்ணனும் பக்கத்துத் தோட்டத்து ஹெண்ட்ரியும் உதவிக்கு வந்தார்கள். காலையிலிருந்தே தூறல். எல்லாரும் சணல் சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் மாட்டிக்கொண்டோம். பூயூங்குக்கு நெல்மாதான் மாட்டிவிட்டாள். சாக்கு அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மலையிலிருந்து மூடுபனி இறங்கியது. பத்தடி தூரத்தில் இருக்கும் மரம்கூடத் தெரியவில்லை. அப்போதுதான் பிள்ளைகளின் அம்மா, என் அக்கா, கேட்டாள்.

“பூயூங் எங்க?”

குடிசையில் இல்லை. பட்டைக் குவியலுக்குப் பின்னால் இல்லை. ஓடைக்கரையில் இல்லை.

நெல்மா என்னிடம் ஓடிவந்தாள். “மாமா, காலையில அவன் ஒண்ணு சொன்னான். ‘மாமாவோட தொப்பியை நான் எடுத்துட்டு வந்து தரப்போறேன்’னான். விளையாட்டுக்குச் சொல்றான்னு நினைச்சேன்.”

தொப்பி விழுந்த இடம் மேல் தோட்டம். அதாவது காட்டின் ஓரம்.

அக்கா வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு ஓடைப்பக்கம் தேட ஓடினாள். செய்தி போனதும் கீழே ஊரில் தொழுகைக் கூடத்து ஒலிபெருக்கியில் பூயூங் பெயரைச் சொல்லி அறிவித்தார்கள். டார்விஸ் அண்ணனும் ஹெண்ட்ரியும் ஆளுக்கொரு வழியாக மேலே ஏறினார்கள். நான் நடுப்பாதையில் போனேன். உண்மையைச் சொல்கிறேன், பாதி தூரம்தான் போனேன். அதற்கு மேல் கால் நகரவில்லை. அவமானத்தோடு குடிசைக்குத் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் டார்விஸ் அண்ணன் பனிக்குள்ளிருந்து விழுந்தடித்து ஓடிவந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

“ஸப்ரி! நீ சொன்னது நிஜம்டா! நான் பார்த்துட்டேன்!”

“எங்க?”

“மேல் தோட்டத்துப் பெரிய ஆலமரத்துக்கிட்ட. குட்டையா, பழுப்பா நிக்குது. உடம்பெல்லாம் முடி தொங்குது. கழுத்தே இல்ல. தலை மட்டும் இவ்ளோ பெருசு! ‘ஊய்’னு கூப்பிட்டேன். வாயே திறக்கல. முறைச்சுக்கிட்டே நிக்குது!”

அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் ஹெண்ட்ரியும் வந்து விழுந்தான். அவனும் அதைத்தான் பார்த்திருந்தான். “என்னைப் பார்த்து ஒரு அடி எடுத்து வெச்சுது அண்ணே. யா அல்லா, ஒரு அடி!”

இரண்டு நாளாக என்னைப் பார்த்துச் சிரித்த டார்விஸ் அண்ணன் இப்போது என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் தலைக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. அது அங்கே நிற்கிறது, பிள்ளையும் அங்கேதான் போயிருக்கிறான்.

“அதுதான் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிருக்கும்,” என்று ஹெண்ட்ரி அழுதான். “பக்கத்து ஊர்ல மந்திரிக்கிற பெரியவர் இருக்காருல்ல, அவரைக் கூட்டிட்டு வந்துதான் மேல போகணும்.”

“அவர் வர நாளைக்குக் காலை ஆயிடும்,” என்றேன்.

இன்னும் இரண்டு மணி நேரத்தில் இருட்டிவிடும். எங்கள் மலையில் ராத்திரிக் குளிர் பெரியவர்களையே சுருட்டிப்போட்டுவிடும். அதோடு, காட்டில் இருப்பது குட்டை மனிதன் மட்டுமா? உடம்பில் வரி போட்டவர் ஒருவரும் இருக்கிறார். அவர் பெயரை மலையில் யாரும் சொல்ல மாட்டோம்.

நெல்மா எங்கள் நடுவில் வந்து நின்றாள். திடீரென்று கேட்டாள்.

“டார்விஸ் மாமா, எத்தனை தடவை கூப்பிட்டீங்க?”

“என்னது?”

“அதைப் பார்த்து ‘ஊய்’னு எத்தனை தடவை கூப்பிட்டீங்க?”

“ஒரு தடவைதான். அதுக்கு மேல யாராவது நிப்பாங்களா?”

“ஹெண்ட்ரி அண்ணே, நீங்க?”

“ரெண்டு. ரெண்டாவதைச் சொல்லும்போதே ஓட ஆரம்பிச்சுட்டேன்.”

“அந்த முடி ஈரமா இருந்துச்சா?”

“சொட்டச் சொட்ட நனைஞ்சு இருந்துச்சு,” என்றார் டார்விஸ் அண்ணன்.

நெல்மா தன் தலையிலிருந்த சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். அதன் ஓரத்தில் பிரிந்து தொங்கிய நாரிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, வாங்க போகலாம்.”

“நெல்மா, நான் பார்த்தது சாக்கு இல்லடி. அதுக்கு முகம் இருந்துச்சு.”

“இருக்கட்டும் மாமா. மூணு தடவை கூப்பிட்டுப் பார்ப்போம். பதில் வரலன்னா ரெண்டு பேரும் ஓடிடலாம். எனக்கும் பயமாத்தான் இருக்கு.”

பத்து வயதுப் பெண் பயத்தோடு மலை ஏறுகிறாள். முப்பது வயது ஆள் அவளுடைய சாக்கின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறான். அந்த ஆள் நான்தான்.

பனிக்குள் எல்லாமே ஆள் மாதிரி தெரிந்தது. வெட்டிய மரத்தின் அடிக்கட்டை குந்தி உட்கார்ந்திருந்தது. வாழையிலை கையை ஆட்டியது. எங்கோ ஒரு குரங்கு நீளமாகக் கத்தி நிறுத்தியது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அட்டை ஒன்று என் காலில் ஏறுவது தெரிந்தும் குனியப் பயமாக இருந்தது.

பெரிய ஆலமரம் கறுப்பாகத் தெரிந்தது. நெல்மா நின்றாள்.

அது அங்கே நின்றது.

டார்விஸ் அண்ணன் மிகைப்படுத்தவில்லை. குட்டையாக, பழுப்பாக, கழுத்தில்லாமல், பூசணிக்காய் அளவு தலையோடு நின்றது. அசையவில்லை. எங்களையே பார்த்தது.

“ஊய்!” என்றாள் நெல்மா.

பதில் இல்லை. உடம்பிலிருந்து மெல்ல ஒரு கை வெளியே வந்தது. அது அப்படியே நின்றது.

“கையைத் தூக்குது நெல்மா. வா, போயிடலாம்,” என்று முணுமுணுத்தேன். என் கால்கள் ஏற்கனவே திரும்பியிருந்தன. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ஊய்!”

அது ஒரு அடி பின்னால் போனது. தூக்கிய கையை இறக்கவில்லை.

மூன்றாவதைக் கூப்பிட அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இரண்டு தடவை எச்சில் விழுங்கினாள். அந்த நேரம் எவ்வளவு நீளமாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஓடைப்பக்கத்திலிருந்து அக்காவின் அழுகுரல் லேசாகக் கேட்டது. நெல்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஊய்!” கீச்சென்று உடைந்து வந்தது குரல்.

அந்தப் பூசணித் தலை நிமிர்ந்தது.

“ஊய்!” என்று பதில் வந்தது. “அக்கா! ஏன் இவ்ளோ நேரம்?”

பூசணித் தலை ஆடி ஆடி எங்களை நோக்கி ஓடிவந்தது. சாக்குக்கு மேல் என் தொப்பி. தொப்பிக்குக் கீழே மூக்கொழுகிக்கொண்டு பூயூங். மடக்கிய மூன்று விரல்களை அவன் இன்னும் விரிக்கவில்லை.

நெல்மா அவனை அப்படியே கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், அவன் முதுகில் ஒன்று வைத்தாள், மறுபடி கட்டிக்கொண்டாள். நான் அழவில்லை. மழைத்தண்ணீர் கண்ணில் போயிருந்தது.

“வழி தெரியல, அதனால நின்ன இடத்துலயே நின்னேன்,” என்றான் பூயூங். “ஆனா மாமா, நீங்க சொன்னது அத்தனையும் நிஜம். நான் ரெண்டு குட்டை மனுஷங்களைப் பார்த்தேன்!”

“ரெண்டா?”

“ஆமா! ஒண்ணு ஒரு தடவைதான் கூப்பிட்டுச்சு. பார்க்க டார்விஸ் மாமா மாதிரியே இருந்துச்சு. ரெண்டாவதுகிட்ட ஒரு அடி கிட்டப் போனேன், அதுவும் ஓடிடுச்சு. மனுஷங்கன்னா என்னைப் பார்த்து ஏன் ஓடணும்? முதல்ல வந்தது ஒரு செருப்பைக்கூட விட்டுட்டுப் போயிடுச்சு.”

சாக்குக்குள்ளிருந்து டார்விஸ் அண்ணனின் செருப்பை எடுத்துக் காட்டினான்.

அன்று சாயங்காலம் ரோஸ்மா அக்கா கடையில் சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிறு வலித்தது. அக்கா பூயூங்கை மடியிலிருந்து இறக்கவே இல்லை. டார்விஸ் அண்ணனுக்கு மனைவியே ‘குட்டை மனுஷன்’ என்று பெயர் வைத்துவிட்டார். அண்ணனுக்கு அது தாங்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“அப்ப வியாழக்கிழமை நீ பார்த்ததும் பூயூங்கைத்தான். ஒத்துக்கோடா.”

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். மனத்துக்குள் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“வியாழக்கிழமை காலையில பூயூங் பள்ளிக்கூடத்துல இருந்தான்,” என்றாள் நெல்மா. “நான்தான் கூட்டிட்டுப் போனேன்.”

கடையில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

அவள் தம்பியிடம் திரும்பினாள். “பூயூங், மாமாவோட தொப்பி எங்க கிடந்துச்சு?”

“கிடக்கல. மாட்டியிருந்துச்சு.”

“எதுல?”

“ஆலமரத்துல ஒரு ஒடிஞ்ச கிளையில. அழகா மாட்டியிருந்துச்சு. எட்டிக்கூட எடுக்கல, எனக்குக் கைக்கு நேராவே இருந்துச்சு.”

ரோஸ்மா அக்கா கையில் கெட்டிலோடு அப்படியே நின்றுவிட்டார். நான் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தேன். ஓடும்போது அது சேற்றில்தான் விழுந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நெல்மா எழுந்து வந்து என் இடுப்புக்கு நேராகக் கையை வைத்தாள்.

“இவ்ளோ உயரமா மாமா?”

“இவ்ளோதான்,” என்றேன். “நெஞ்சு உயரம் இல்ல. அது நான் சும்மா சேர்த்துச் சொன்னது.”

“சரி. இப்ப நம்பறேன்.”

தொப்பியை எடுத்து, துடைத்து, என் தலையில் நேராக வைத்தாள்.

“அடுத்த தடவை பார்த்தா, முதல்ல நன்றி சொல்லுங்க மாமா. அப்புறமா ஓடுங்க.”