டிப்போ டீமுக்கு ஒரு கோல்கீப்பர்

"இன்னைக்காவது கையெழுத்துப் போடுவியா, மாட்டியா?"

விடிந்தும் விடியாததுமாய் வீட்டின் மூத்த மருமகள் சமையலறை வாசலில் வந்து நின்றுவிட்டாள். கையில் பெரிய ஹாக்கி அகாடமியின் சேர்க்கைப் படிவம். பெண்ணைப் பெற்றவளின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. மூன்று நாளாக அந்த ஒற்றைக் காகிதம் வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

"போட மாட்டேன்க்கா." அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் பெண்ணைப் பெற்ற இளைய மருமகள்.

"கேட்டீங்களா தம்பி, உங்க பொண்டாட்டி பேச்சை! ஊரே வாயைப் பிளக்கிற அகாடமி! உங்க அண்ணன் யார் யார் காலிலயோ விழுந்து இடம் வாங்கிட்டு வந்திருக்கார். இவ என்னடான்னா பஸ் டிப்போ டீம்ல போய் ஆடச் சொல்றா! போன வருஷம் ஒரு மேட்சாவது ஜெயிச்சாங்களா அவங்க? எனக்குன்னு ஒரு பிள்ளை இல்ல... இவ பொண்ணு பெரிய ஆளானா எங்களுக்குப் பேர் வந்துடுமோன்னு பொறாமை!"

இளையவளுக்குச் சுருக்கென்று தைத்தது. "வாயைத் திறந்து ஒரு காரணம் சொல்லித் தொலையேன்," என்று கணவனும் தன் பங்குக்குக் கத்தினான்.

அவளா சொல்வாள்! சொன்னால் மகள் தலைகுனிய வேண்டும், மூத்தாருக்கு மனசு உடைந்துபோகும். அத்தனை ஏச்சையும் தானே வாங்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மூத்தவளின் கணவர், டயர் கடை வைத்திருக்கும் பெரியவர், கூடத்திலிருந்து மெதுவாகக் கேட்டார்: "நான் என்னம்மா தப்புப் பண்ணினேன்? அந்தக் குழந்தை கோல் வாசல்ல நிக்கிறதைப் பார்த்தா எனக்கு வயிறு நிறைஞ்சுடும். நல்லா வரட்டும்னுதானே..."

அவ்வளவுதான். மூலையில் கால்கவசத்தின் வாரை முறுக்கிக்கொண்டிருந்த மகள் பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"அம்மாவைத் திட்டாதீங்க... நான்தான் பொய் சொன்னேன்! போன லீவுல ரெண்டு மாசம் அகாடமில பயிற்சிக்கு இருந்தேனே, ஒரு மேட்ச்ல கூட என்னை இறக்கலை பெரியப்பா. எனக்கு முன்னாடி மூணு கோல்கீப்பர். பெஞ்சுல உட்கார்ந்து தண்ணி பாட்டில்தான் எடுத்துக் கொடுத்தேன். நீங்க ஃபோன்ல ஆசையா கேட்டீங்களா... தினமும் ஆடறேன்னு சொல்லிட்டேன்!"

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். "அதான் கையெழுத்துப் போடலையா? உனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாக வேலை பார்ப்பவளிடம் இந்தக் கேள்வி!

"இங்க ஆடிட்டு வந்தா உன் துணியை எத்தனை தண்ணியில அலசினாலும் வேர்வை நாத்தம் போகாது. அங்கேருந்து வந்த பையைத் திறந்தா... மேட்ச் ஜெர்சில நான் மடிச்ச மடிப்புகூடக் கலையலடி! அதைக் கையில வெச்சுக்கிட்டு எப்படி அழுதேன் தெரியுமா?"

"சரிம்மா, அதுக்குன்னு டிப்போவா?" என்றார் பெரியவர். "அவங்க தோத்துக்கிட்டே இருப்பாங்களே!"

"அதனாலதான் மாமா! தோக்கிற டீம்லதான் கோல்கீப்பருக்கு ஓயாத வேலை. மேட்ச்சுக்கு முப்பது தடவை பந்து வரும். ரெண்டு வருஷம் நின்னு தடுக்கட்டும். அப்புறம் பெரிய இடத்துக்குப் போனா, எவ இவளை பெஞ்சுல உட்கார வைப்பா?"

"அடேயப்பா! இந்த வீட்டுல ஹாக்கி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்னு நினைச்சேனே!" பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நீ சொல்லு கண்ணு, எங்க ஆடப் போற?"

"டிப்போல பெரியப்பா. எனக்குப் பந்து வரணும்."

மூத்தவளுக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. "பொறாமைன்னு வாய்க்கு வந்ததைப் பேசிட்டேனே... அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"எப்படிக்கா சொல்வேன்? அவ உங்களுக்கும்தானே பொண்ணு. உங்க முன்னாடி அவ தலைகுனிஞ்சு நிக்கிறதைப் பார்க்க என்னால முடியலைக்கா."

மூத்தவள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். நடுவில் மகளும் வந்து புகுந்துகொண்டாள். ஆண்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல், ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள்.