இரண்டாவது மெஷின் கேட்ட தேதி

ஃபைலின் தேதி தப்பாக இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று.

வேதா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். தேதி மாறவில்லை. நடப்பதோ தொண்ணூற்றிரண்டு நவம்பர். அந்த ஃபைலை நேற்றுதான் அவள் தன் கையால் இரண்டாவது மெஷினின் ஃப்ளாப்பியில் போட்டிருந்தாள்.

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டு ஒயர் கடைக்கு மேல், மாடியில் இருந்தது கஸ்தூரிரங்கன் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். ஒரே அறை, இரண்டு மெஷின். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானமே வெட்கப்பட்டுத் திரும்பிப் போகும் அளவுக்குச் சத்தம் போடும் ஓர் ஏ.சி. செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். தூசி பட்டால் கம்ப்யூட்டருக்கு விஷக்காய்ச்சல் வரும் என்பது சாரின் வைத்தியம். அங்கே மின்சாரம் ஒரு நாளைக்கு நாற்பது தடவை போகும், நாற்பத்தோரு தடவை வரும். வருகிற ஒவ்வொரு தடவையும் மெஷின் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி, இன்றைக்கு என்ன தேதி, இப்போது என்ன மணி என்று கேட்கும். ஒன்றும் சொல்லாமல் என்டரைத் தட்டிவிட்டால், தான் பிறந்த நாளையே தேதியாக வைத்துக்கொள்ளும். எண்பது, ஜனவரி ஒன்று.

வேதா ஒவ்வொரு தடவையும் தேதி, மணி எல்லாம் அடிப்பாள். பக்கத்து சீட்டு ஜெயசீலி அடிக்க மாட்டாள். டக், டக் என்று இரண்டு என்டர்.

"மெஷினுக்குத் தேதி தெரிஞ்சு என்னக்கா ஆகப்போவுது? அதுக்கின்னா கல்யாணமா?" என்பாள்.

ஜெயசீலி செத்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது.

வேலை இதுதான். வாக்காளர் பட்டியலில் நீக்க வேண்டியவர்களின் பெயர்கள் கட்டுக்கட்டாகக் காகிதத்தில் வரும். பெயர், வயது, தெரு, காரண எண். காரணம் ஒன்று என்றால் ஆள் உயிரோடு இல்லை. இரண்டு என்றால் வேறு ஊர். ஒரே காகிதத்தை இருவரும் தனித்தனியாக அடிக்க வேண்டும். அடித்து முடித்து இரண்டு ஃப்ளாப்பியையும் ஒரே மெஷினில் போட்டு ஒப்பிடும் கட்டளையைக் கொடுத்தால், எந்த வரி முட்டுகிறது என்று அது காட்டும். காகிதத்தைப் பார்த்துத் திருத்திவிட்டு மறுபடி ஒப்பிட வேண்டும். வித்தியாசம் எதுவும் இல்லை என்று மெஷின் சொல்லிவிட்டால் அன்றைய ஜன்மம் கடைத்தேறியது. "டேலி ஆயிடுச்சுக்கா, கெளம்பலாமா?" என்று ஜெயசீலி கைப்பையை மாட்டுவாள். இருவரும் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்து ராதா நகர் போவார்கள். இரண்டு பக்கமும் பார்ப்பது வேதாவின் வேலை. ஜெயசீலி எந்தப் பக்கமும் பார்க்க மாட்டாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவாள்.

அன்றைக்கு வேதாவின் ஃபைலில் பதினேழு தப்பு. "நீ முன்னாடி போடி, நான் வரேன்" என்று சொல்லிவிட்டாள். எந்தப் பக்கமும் பார்க்காதவள் தனியாகத் தண்டவாளத்தில் இறங்கினாள்.

காரியம் முடிந்த மறுநாள் சார் வந்து நின்றார். "வேற ஆள் கெடைக்கற வரைக்கும் ரெண்டு சீட்டையும் நீங்களே பாத்துக்குங்கம்மா. உங்க ஸ்பீடுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

மூன்று நாள் பார்த்தாள். ஒரு நாளைக்கு அறுநூறு பெயர், இரண்டு தடவை. மணிக்கட்டு இரண்டும் கழன்று கைப்பைக்குள் விழுந்துவிடும்போல் இருந்தது. தூக்கத்திலும் விரல்கள் தலையணையில் தெருப்பெயர் அடித்தன. நான்காம் நாள் ஒரே ஒரு வரியில் தன் ஃபைலைக் காப்பி எடுத்தாள். ஃபைலின் பெயரில் இருந்த ஆபரேட்டர் எண் ஒன்றை மட்டும் இரண்டு என்று மாற்றினாள். இரண்டு ஜெயசீலியின் எண். ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படி வரும்? செத்தவள் சீட்டில் தினமும் வேலை கச்சிதமாக நடந்துகொண்டிருந்தது.

இப்போது இந்தத் தேதி. காப்பி எடுத்தால் மூல ஃபைலின் தேதியேதான் வர வேண்டும். மெஷினுக்குத் தேதி சொல்லாமல் யாரோ முதலிலிருந்து அடித்தால்தான் இப்படி வரும்.

ஒப்பிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் முட்டியது. அவளுடையதில் வயது அறுபத்து மூன்று, மற்றதில் அறுபத்தெட்டு. காகிதத்தைப் பார்த்தாள்.

அறுபத்தெட்டு.

அடுத்த நாள் மூன்று இடம். அதற்கடுத்த நாள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தைப் புரட்டினாள். ஒரு தடவைகூட இரண்டாவது ஃபைல் தப்பவில்லை. பயப்பட வேண்டும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. ஆனால் பயப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. பேசாமல் திருத்தினாள். மாலையில் பக்கத்துத் திரையை மட்டும் பார்க்காமல் எழுந்து போனாள்.

வெள்ளிக்கிழமை, பெருக்க வந்த கிளியம்மாள் முறத்தை நீட்டினாள்.

"இன்னாம்மா இது பேஜாரு? டெய்லி அந்தப் பொண்ணு சேராண்ட இத்த வாரிகினு போறேன். யாரு கொண்ணாந்து போடறா?"

முறத்தில் தண்டவாளத்து ஜல்லி. கறுத்து, கூராக, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்குடன்.

"காத்துல வந்திருக்கும் கிளியம்மா."

"நல்லாத்தான் சொன்ன போ. காத்து இன்னா மாடியேறி, ஏ.சி. ரூம் கதவத் தொறந்துகினா வரும்?"

மறுநாள் கடைசிக் கட்டு. காலையிலிருந்து மழை. ஐந்து மணிக்கே ஜி.எஸ்.டி. ரோட்டு லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின. அறையெங்கும் ஈரச்சுவர் நாற்றத்தோடு, இன்னதென்று முதலில் பிடிபடாத சுட்ட இரும்பின் வாடை வந்தது. ரயில் பிரேக் போட்ட பிறகு பிளாட்பாரத்தில் நிற்குமே, அந்த வாடை. சார் குடையைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். ஏழு மணிக்கு ஆள் வந்து ஃப்ளாப்பிய வாங்கிண்டு போயிடுவான். டேலி ஆனாப் போறும்மா. அதுக்கப்புறம் பேப்பரை எவன் பாக்கப் போறான்? கட்டி எடைக்குத்தான்."

ஆறேகாலுக்கு வேதா ஒப்பிட்டாள்.

ஒரே ஒரு வித்தியாசம். இரண்டாவது ஃபைலில், கடைசியில், ஒரு வரி அதிகம்.

வேதா. கணவர் பெயர் சேஷாத்ரி. வயது முப்பத்தொன்பது. ராதா நகர் நாலாவது தெரு. காரணம் ஒன்று.

ஏ.சி. உறுமியது. அவள் காகிதக் கட்டைத் தன் பக்கம் இழுத்தாள். இத்தனை நாளும் இரண்டாவது ஃபைல்தானே சரியாக இருந்தது என்ற நினைப்போடு, கடைசித் தாளில் மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். நடுவில் வரி மாறியது. மறுபடி மேலிருந்து வந்தாள்.

இல்லை. காகிதத்தில் அவள் பெயர் இல்லை.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த வரியை அழித்தாள். சேமித்தாள். ஒப்பிட்டாள்.

அதே வரி. அதே இடம். ஃப்ளாப்பியைப் பக்கத்து மெஷினில் செருகி, தன் நாற்காலியிலிருந்தே கையை நீட்டினாள்.

அழித்தாள். சேமித்தாள்.

மின்சாரம் போனது.

ஏ.சி. நின்ற பிறகுதான் அந்த அறையில் வேறு சத்தங்களும் உண்டு என்று தெரிந்தது. மழை. கீழே ஷட்டர் இறங்குவது. மிக அருகில் ஒரு பிரம்பு நாற்காலி, உட்கார்ந்தவர் எடையை மாற்றிக்கொள்வதைப்போல மெல்ல முனகியது. வேதா திரும்பவில்லை. கைகள் மடியில் கிடந்தன. தூரத்தில் சானடோரியம் பக்கமிருந்து ஒரு மின்சார ரயில் கூவிக்கொண்டு வந்து, கட்டடத்தை உலுக்கிவிட்டு, பல்லாவரம் பக்கம் போய்த் தேய்ந்தது.

விளக்கு வந்தது. இரண்டு மெஷினும் கீச்சிட்டு எழுந்தன. அவளுடைய திரை தேதி கேட்டது. பக்கத்துத் திரையும் கேட்டது.

டக்.

டக்.

அவள் கைகள் இன்னும் மடியில்தான் இருந்தன.

தன் மெஷினுக்குத் தேதி அடித்தாள். மூன்று தடவை தப்பாக. பக்கத்து மெஷினிலிருந்து ஃப்ளாப்பியை உருவினாள். ஐஸ் மாதிரி ஜில்லென்றிருந்தது. ஒப்பிட்டாள்.

வித்தியாசம் எதுவும் இல்லை.

மூச்சு வந்தது. நாற்காலியில் அப்படியே சரிந்தாள். டேலி. முடிந்தது. இனி வீடு. வெந்நீர். தூக்கம்.

ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, தன் ஃபைலின் கடைசி வரியைத் திரையில் வரவழைத்தாள். அவள் அடித்த ஃபைல். ஆபரேட்டர் எண் ஒன்று.

வேதா. கணவர் பெயர் சேஷாத்ரி. வயது முப்பத்தொன்பது.

காரணம் ஒன்று.

காகிதத்தைப் பிடுங்கினாள். அதில் இல்லை. இப்போதும் இல்லை. ஆனால் காகிதத்தை எவன் பார்க்கப் போகிறான்?

பக்கத்து நாற்காலி பின்னால் நகர்ந்தது. ஜல்லி நெரிந்தது. கைப்பையின் ஜிப் இழுபட்டது.

"டேலி ஆயிடுச்சுக்கா."

ஓடினாள். கதவு. தாழ்ப்பாள். வாசல்.

வழக்கம்போல் அவசரத்தில் உள்ளே பார்த்தபடி கழற்றிப் போட்டிருந்த அவள் செருப்புகளை, யாரோ படியைப் பார்த்துத் திருப்பி, கால் நுழைக்க வாகாக வைத்திருந்தார்கள். பக்கத்தில், அதே போலத் திருப்பி வைத்த இன்னொரு செருப்பு. ஒற்றைச் செருப்பு. ஈரமாக.

அவள் இடது உள்ளங்கைக்குள் சில்லென்று ஐந்து விரல்கள் நுழைந்து, எப்போதும்போல் இறுகப் பிடித்துக்கொண்டன.